பந்து எங்கே இருந்தது

பை மடியிலேயே இருக்கட்டும் தம்பி. மேலே வைத்தால் கண்டக்டர் யாருடையது என்று கேட்பான், நான் எழுந்து பதில் சொல்ல வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கனமொன்றும் இல்லை. ஒரு ஜோடி பூட்ஸ். அதுவும் என்னுடையது இல்லை, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுடையது.

நீங்கள் தூத்துக்குடிதானே? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. எந்தப் பக்கம்? மாதா கோயில் பக்கமா. சரி. அதைப் பிறகு கேட்கிறேன்.

இந்த பஸ்ஸில் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறேன், ஐப்பசியில். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் சொல்லத் தோன்றும், சொல்லுவேன். போன வருஷம் ஒரு வாத்தியார். தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்தவர் வல்லநாட்டிலேயே இறங்கிவிட்டார். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

என் பெயர் சொரிமுத்து. ஆற்றங்கரை மில்லில் முப்பத்தாறு வருஷம். ரிங் ஃபிரேம் பக்கம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆனால் எங்கள் ஊரில் மேஸ்திரி சொரிமுத்து என்றால் யாருக்கும் தெரியாது. ஷீல்டு வாங்கின சொரிமுத்து என்று கேட்க வேண்டும். முப்பத்தொன்றாம் வருஷம், மில் மைதானத்தில், உங்கள் ஊர் ஹார்பர் டீமை ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். நான் லெப்ட் ஆஃப், இடது பக்கம் மறித்து ஆடுகிறவன். அந்த ஆட்டத்தில் ஒரு விபத்து நடந்தது. விபத்துத்தான். நான் பந்தைத்தான் தொட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொல்லிக்கொண்டே போனால் நடுவில் வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடுகிறது, கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பில்லிங் துரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆம்ப்ரோஸ் பில்லிங். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர். மற்றத் துரைமார் சாயங்காலமானால் டென்னிஸ் ஆடப் போவார்கள். இவர் மட்டும் பஞ்சு குடோன் சுவருக்கு எதிரே தனியாக நின்று பந்தை உதைத்துக்கொண்டிருப்பார். இடது கால், இடது கால், இடது கால். சுவரில் ஒரே இடம், ஒரு சாண் அகலம் இருக்கும். தொம் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி தொம். ஆறு மணிச் சங்கு ஊதுகிற வரைக்கும். அந்த இடத்தில் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்கள், நிற்காது, உதிர்ந்துவிடும். துரை செத்த பிறகும் நிற்கவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. நல்லது.

அவர் சீமையில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினவர். எங்கள் ஆட்கள் முதலில் நம்பவில்லை. விளையாடுவதற்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்றார்கள். லங்காஷயர் என்று அங்கே ஒரு ஜில்லா. அங்கேயும் மில்தான், மழைதான், சங்குதான். துரைக்குப் பன்னிரண்டு வயதில் காலையில் மில், மத்தியானம் பள்ளிக்கூடம். ஓடுகிற மிஷினுக்கு அடியில் ஊர்ந்து போய்க் கீழே விழுந்த பஞ்சைக் கூட்டி எடுக்கிற வேலை. கூட அதே வேலைக்கு டாமி என்று ஒருவன். ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு. இரண்டு பேரும் மரக்கட்டைச் செருப்போடு தெருவில் பந்து உதைத்தே வளர்ந்து, பதினெட்டு வயதில் இரண்டு பேரையும் ஊர் கிளப் எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் மில் விட்டதும் ஊர் மொத்தமும் நேரே மைதானத்துக்கு வருமாம். இருபதாயிரம் தலை, இருபதாயிரம் தொப்பி. எத்தனை நன்றாக ஆடினாலும் இவ்வளவுக்கு மேல் சம்பளம் கிடையாது என்று ஒரு சட்டம். ஆட்டக்காரன் நினைத்தால் கிளப்பை விட்டுப் போக முடியாது. கிளப் நினைத்தால் அவனை இன்னொரு கிளப்புக்கு விற்றுவிடலாம். மேலப்பாளையம் சந்தையில் மாட்டை விற்கிற மாதிரி. டாமியை அப்படித்தான் பக்கத்து ஊருக்கு விற்றார்கள். துரையை விற்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே கிளப், முன்னூற்றுச் சொச்சம் ஆட்டம். நாட்டுக்கு ஆட ஆள் எடுத்தபோது இவரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பார்.

பிறகு ஜெர்மன் சண்டை வந்தது, வயசும் ஆயிற்று. மறுபடி மில்லுக்கே போய், அங்கிருந்து எங்கள் மில்லுக்கு வந்தார். தமிழ் பேசுவார். மில் தமிழ். ஏசுவதற்கும் வேலை சொல்வதற்கும் ஆகிற தமிழ். சொரிமுத்து அவர் வாயில் நுழையாது. மூத்து என்பார்.

எங்கள் டீமை உண்டாக்கினது அவர்தான். பதினோரு பேருக்கும் வெறுங்கால். அந்தக் காலத்தில் நம் ஆட்களில் யார் பூட்ஸ் போட்டு ஆடினார்கள்? ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எங்களை வரிசையாக பெஞ்சில் உட்காரச் சொல்வார். தான் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒவ்வொருவன் காலையும் எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, நகம் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கணுக்காலைச் சுற்றி நாடாவால் இறுக்கிக் கட்டுவார். மில்லில் கதிரைச் சுழலவைக்கிற நாடா உண்டே, தேய்ந்துபோனால் கழித்துப் போடுவார்கள், அந்த நாடா. வெள்ளைக்காரன் தொடைமேல் காலை வைப்பதா என்று முதல் வருஷம் எல்லோரும் கூசினோம். ஒருத்தன் அழுதேவிட்டான். பிறகு பழகிப்போயிற்று. மறுநாள் நூல் அறுந்தால் அதே துரை கண்டபடி ஏசுவார், அது வேறு.

எங்களோடு ஆடும்போது தானும் பூட்ஸைக் கழற்றிவிடுவார். வெள்ளைப் பாதம், வெயிலில் காய்ந்த தரை, கொப்புளம் கொப்புளமாகப் போடும். நொண்டிக்கொண்டே ஆடுவார். அவருக்கு இரண்டே சட்டம். வெறுங்காலுக்கு எதிரே பூட்ஸ் கூடாது. பந்து போய்விட்டால் ஆளை விட்டுவிடு. சீமையிலிருந்து வந்த பூட்ஸ் சாமான் அறையில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டே கிடக்கும். யாரும் தொடமாட்டோம்.

முந்தின வருஷ ஃபைனல் உங்கள் ஊரில் நடந்தது. ஹார்பர் டீமில் ஓரத்தில் ஓடுகிறவன் ஒருத்தன். பெயர் வேண்டாம், ஹார்பர்க்காரன் என்று வைத்துக்கொள்வோம். தோணியில் வேலை பார்க்கிறவன். ஆடுகிற தோணியில் மூட்டையோடு நடந்து பழகின கால், பார்த்துக்கிடுங்க, தரையில் நின்றால் அதற்கு என்ன பயம்? அன்றைக்கு மூன்று தடவை என்னைத் தாண்டிப் போனான். மூன்று தடவையும் கோல். மூன்றாவது தடவை நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

அதோடு எனக்குக் கதவு என்று பெயர் விழுந்தது. திறந்த கதவு. காலை ஷிஃப்டுக்கு உள்ளே நுழைந்தால் நூல் சுற்றுகிற இடத்துப் பெண்கள், "ஏ கதவு, காத்து வருது, கொஞ்சம் சாத்திக்கோ" என்பார்கள். டீக்கடையில், "என்னடே, தாப்பாள் போட்டாச்சா?" எனக்குப் பெண் பார்த்திருந்த நேரம் அது. பேச்சியம்மாள், பிறகு அவளைத்தான் கட்டினேன். அவள் அண்ணனே என்னைக் கேட்டான், மாப்பிள்ளை வீட்டுக்குக் கதவு தனியாக வாங்க வேண்டாமே என்று. ஒரு வருஷம் தம்பி. முழுசாக ஒரு வருஷம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

துரையிடம் போனேன். பந்தைப் பறிக்கச் சொல்லித் தாருங்கள் என்றேன். ஏனென்றால் அவர் அறையில், மேசைக்கு மேலே, ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சீமைப் பேப்பரில் வந்த படம். துரை வாலிபமாக இருக்கிறார். ஒரு காலை மடக்கி, மற்றக் காலை அரிவாள் வீசின மாதிரி தரையோடு நீட்டிச் சறுக்குகிறார். எதிராளி அந்தரத்தில் இருக்கிறான், வாய் திறந்திருக்கிறது. பின்னால் அத்தனை தொப்பி. எங்கள் ஆட்களுக்கு அந்தப் படம் என்றால் ஒரு பெருமை. துரை எத்தனை பெரிய ஆட்டக்காரர் என்று பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

அதைக் காட்டித்தான் கேட்டேன். துரை படத்தைப் பார்க்கவில்லை. "அது வேண்டாம், மூத்து" என்றார். "கூட ஓடு. கூட ஓடு, காத்திரு, பந்தைப் பார். அவ்வளவுதான்." எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். கற்றவன் கற்றுத்தரமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று அர்த்தம். அப்படித்தான் எனக்குப் பட்டது. அதனால் ரிப்போர்ட் கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தக் கால் மடங்கியிருக்கிறது, இடுப்பு எங்கே, கை எங்கே. ஆள்தான் தெரிந்தது, பந்து தெரியவில்லை. சட்டம் போடும்போது ஓரத்தில் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்ஸை நான் திருடவில்லை. வேண்டாம் என்றுதானே ஆணியில் மாட்டியிருந்தார்? எனக்குப் பெரிசு. முன்னால் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொண்டேன். ஆற்று மணலில், ஆள் இல்லாத பக்கம், வாழை வெட்டின கொல்லை ஒன்று இருந்தது. குலை தள்ளி வெட்டின மரங்களின் அடிமூடு வரிசையாக நிற்கும், முழங்கால் உயரம். ஒவ்வொன்றாகச் சாய்த்தேன். முதலில் வழுக்கி விழுவேன். பிறகு பழகிவிட்டது. நல்ல ஈரமான மூடு ஒரே வீச்சில் ஒடியும், அந்தச் சத்தம் நன்றாக இருக்கும். ஒரு நாள் எட்டு மூடு சாய்த்தேன். அங்கேயும் பந்து கிடையாது, வாழைக்கு எதற்குப் பந்து?

ஃபைனலன்றைக்கு மத்தியானம் வரை மழை. மைதானத்துக்கு ஒரு பக்கம் குடோன் சுவர். மறு பக்கம் கோட்டை ஒட்டினாற்போல வாய்க்கால், கலங்கலாக நிறைந்து போகிறது. ஊரே வந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். துரை ஒவ்வொருவனாகக் கட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து முழங்காலிட்டுத் தலை குனிந்தால், அவருடைய பூட்ஸ் என் காலில் இருக்கிறது.

கழற்று என்றார். நான் கழற்றவில்லை. மறுபடி சொன்னார். பெரிய துரை, மேனேஜர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், என்ன என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் ஒரே சிரிப்பு. போட்டுக்கொள்ளட்டும், அழகாகத்தானே இருக்கிறது என்றார். அதற்கு மேல் ஸ்பின்னிங் மாஸ்டர் என்ன பேச முடியும்? பில்லிங் துரை எழுந்து முழங்காலில் ஒட்டின சேற்றைத் தட்டினார். அடுத்தவனிடம் போனார். பத்துப் பேருக்குக் கட்டினார். எனக்குக் கட்டவில்லை. அது எனக்கு உறைத்தது தம்பி. இன்றைக்கும் அதுதான். மற்றதெல்லாம் கூடப் பரவாயில்லை.

இருபதாவது நிமிஷத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அப்புறம் அவர்கள் ஏறி ஏறி வந்தார்கள். பூட்ஸ் சேற்றில் நனைந்து கால் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை. ஹார்பர்க்காரன் முதல் தடவை தாண்டிப் போனான், கோல் கம்பத்தில் அடித்தான். இரண்டாவது தடவை தாண்டிப் போனான், நம் கோலி பிடித்துவிட்டான். கூட்டத்தில் நம் ஆட்களே, "கதவு, கதவு" என்று கத்துகிறார்கள். மூன்றாவது தடவை வாய்க்கால் ஓரமாக வந்தான். நான் வீசினேன். பந்தைத்தான் தொட்டேன்.

சத்தம் கேட்டது. வாழைமூடு மாதிரி இல்லை. வேறு மாதிரி. அதை விடுங்கள்.

ரெப்ரி விசில் ஊதினார், ஆனால் ஃபவுல் கொடுக்கவில்லை. பந்து வெளியே என்று மட்டும் கையைக் காட்டினார். அப்போது ஆளுக்குப் பதில் ஆள் இறக்குவது கிடையாது. அவனைச் சாக்கில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். மீதி நேரம் அவர்கள் பத்துப் பேர், நாங்கள் ஜெயித்தோம். பெண்கள் குலவை போட்டார்கள். பேச்சியின் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "சாத்திட்டான்டே, கதவைச் சாத்திட்டான்டே" என்று மைதானத்தைச் சுற்றினான். மேலேயிருந்து பார்க்கிறேன், துரை வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். பந்தைத் தேடி எடுக்கிறார். பந்து எப்படியோ வாய்க்காலில் போய் விழுந்திருந்தது. தோல் பந்து, தண்ணீர் குடித்துக் கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரை ஏறினார்.

மறுநாள் காலையில் அறைக்குக் கூப்பிட்டார். பந்து மேசைமேல் இருந்தது, அடியில் தண்ணீர் ஒழுகியிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பந்து எங்கே இருந்தது, மூத்து?"

என் காலடியில் இருந்தது துரை, பந்தைத்தான் தொட்டேன் என்றேன். அவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பார். இதில் பந்து எங்கே?" ஓரத்தில் வெட்டிவிட்டார்கள் துரை என்றேன். இல்லை என்று தலையாட்டினார். யாரும் வெட்டவில்லை. பேப்பரில் வந்ததே அவ்வளவுதான்.

படத்தில் அந்தரத்தில் இருக்கிறவன்தான் டாமி. பக்கத்து ஊருக்கு விற்றார்களே, அந்த டாமி. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. புண்ணில் விஷம் ஏறிவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். துரை வீட்டிலிருந்து இரண்டு தெரு. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இவர் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்க்க ஆள் உயிரோடு இல்லை. விசாரணை நடந்தது. பில்லிங் பந்தைத்தான் தொட்டான் என்று ரெப்ரி சொன்னார், டாக்டர் சொன்னார், டாமி ஆடின கிளப்காரர்களே சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை இவர் மைதானத்தில் இறங்கியதும் இருபதாயிரம் பேரும் எழுந்து கை தட்டினார்களாம், பாவம், மனசு விட்டுவிடக் கூடாதே என்று. அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஆடினார். அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றார். பந்து போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அவருக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னிக்கே போ. நாளைக்கு வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது, பார்த்துக்கிடுங்க. அவர் கதை அவரோடு. அவர் செய்தது எனக்கு எப்படி ஒட்டும்? நான் பந்தைத்தானே தொட்டேன். ஆனாலும் போனேன். போகாமல் இல்லை. சைக்கிளில் பாளையங்கோட்டை வரைக்கும் மிதித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஹார்பர் ஆட்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாப்பிடும்போது எப்படிக் குறுக்கே போவது? திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். புது வேலை, லீவு கேட்க முடியாது. பன்னிரண்டாம் நாள் அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். சாகவில்லை. கால் வளைந்து ஒட்டிக்கொண்டது. தோணியில் ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான். பதினோரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது துரை என்று அவர் வீட்டுப் பட்லர் சொன்னான்.

அதற்குப் பிறகு துரை எங்கள் யார் காலையும் தொடவில்லை. சுவருக்கு எதிரே மட்டும் நிற்பார். மறு வருஷம் மழைக்காய்ச்சலில் போய்விட்டார். பாளையங்கோட்டையில்தான் அடக்கம். பெட்டி தூக்கினவர்களில் நானும் ஒருவன். நிமிர்ந்தால், தூரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கம்பு ஊன்றி அவன் நிற்கிறான். ஹார்பர்க்காரன். அவ்வளவு தூரத்திலிருந்து துரைக்காக வந்திருக்கிறான். நான் பெட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். முகம் மறையும் இல்லையா?

அன்றைக்குச் சாயங்காலம் முதல் தடவையாகக் கேட்டது. தொம். குடோன் பக்கம் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. சங்கு ஊதியது, நின்றுவிட்டது. மறுநாளும். எனக்கு மட்டும்தான். மில்லை விட்டு வந்த பிறகும் வீட்டுச் சுவரில் கேட்கிறது. பேச்சி இருந்தவரைக்கும் அவளைக் கேட்பேன், உனக்குக் கேட்கிறதா என்று. "உங்க காலுதான் செவத்த ஒதைக்கி" என்பாள். இருக்கலாம். தூக்கத்தில் சரி. சாயங்காலம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கால் உதைக்கிறது?

என்னிடமே தங்கிவிட்ட பூட்ஸ் இன்னொரு விதம். ஐப்பசியில் அந்த ஃபைனல் நடந்த நாள் வந்தால் ஈரமாகிவிடும். துடைத்து, வெயிலில் காயவைத்து, துணி சுற்றிப் பரண்மேல் வைத்தாலும் ஈரம். மழைக்காலத்தில் தோல் தண்ணீர் இழுக்கும் என்கிறார்கள். அப்படியானால் வாய்க்கால் வாசனை எதற்கு? பேச்சி கடைசி வருஷத்தில் சொன்னாள், "ஒண்ணு அதைக் கொண்டு சேக்க வேண்டிய எடத்துல சேருங்க, இல்லைன்னா எனக்கு முன்னால நீங்க போகக் கூடாது. அதோட என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க." அவள் முந்திக்கொண்டாள்.

அதனால்தான் வருஷா வருஷம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாதா கோயில் தெரு வரைக்கும் நடப்பேன். அங்கே ஒரு கயிற்றுக்கடை இருக்கிறது. வாசலில் ஓர் ஆள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து தோணிக்கு வடம் முறுக்கிக்கொண்டிருப்பான். எதிர்த்த கடையில் டீ சொல்லுவேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இப்படிப் பதினாலு வருஷம். முந்தி மில் லீவு கிடைக்காது, வர முடியவில்லை.

என்ன? உங்களுக்குத் தெரியுமா? கஸ்பார் பர்னாந்து. ஆமாம், கஸ்பார். நான் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் பக்கத்து வீடா? கஸ்பார் தாத்தா என்றா கூப்பிடுகிறீர்கள்? இருக்கட்டும், என்னைவிட இரண்டு வயசுதான் மூத்தவன். ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுவானா? பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுவானா? என்ன சொல்லுவான்? சொல்லுங்கள். எதுவானாலும் சொல்லுங்கள்.

வழுக்கியா?

யாரும் தொடவில்லை என்றா? தானே சேற்றில் வழுக்கி விழுந்தேன் என்றா சொல்லுகிறான்? மில் டீமில் தன் பக்கத்தில் வரவே ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை என்றா?

பொய் தம்பி. அது பொய். என் பெயரைச் சொல்லமாட்டானா? லெப்ட் ஆஃப் ஒருத்தன் இருந்தான் என்றுகூடச் சொல்லமாட்டானா? வழுக்கவில்லை. அவன் எங்கே வழுக்குவான், தோணியில் நடக்கிறவன். நின்றுகொண்டிருந்தான். பந்தைக் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டான், அது கோட்டைத் தாண்டி வாய்க்காலில் விழுந்துவிட்டது. தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் நின்றுவிட்டான். போச்சே என்று கையைத் தட்டிச் சிரித்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தான், அது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு, வருஷம் முழுக்கச் சிரித்தவர்கள் எல்லோரும் அவன் வாயால் சிரித்த மாதிரி இருந்தது. நாலு அடி தூரம் இருந்தது. நாலு அடியும் ஓடித்தான் வீசினேன். வெறுங்கால். பூட்ஸுக்கு எதிரே அவன் வெறுங்கால். நான்தான். வழுக்கினானாம், வழுக்கி.

...

உப்பளம் வந்துவிட்டதா? காற்று மாறிவிட்டது.

என்ன சொன்னேன் தம்பி இப்போது? இல்லை, திருப்பிச் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், நானும்.

முப்பத்தெட்டு வருஷம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். தன்னை ஒருத்தனும் மறிக்கவில்லை என்று. அதுதான் அவனிடம் மிச்சம். இப்போது நான் போய் அதையும் எடுத்துவிடுவதா? போகாமல் இருப்பதற்கு இது நல்ல காரணம், இல்லையா? கட்டுச்சோற்றைவிட நல்ல காரணம்.

இந்தப் பையைப் பிடியுங்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம்தானே? ஈரம் என்றால் ஈரம் என்று சொல்லுங்கள், நான் பயப்படமாட்டேன். சரி.

பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். டீக்கடைப் பக்கம் நான் திரும்பினால் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள், வயசாளி என்று பார்க்க வேண்டாம். கயிற்றுக்கடை வாசலில் போய் நின்றதும் அவன் நிமிர்ந்து பார்ப்பான். யார் என்பான். சொரிமுத்து, மில் டீம், லெப்ட் ஆஃப். அப்புறம் அவன் கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நாக்கு வேறு பக்கம் புரண்டுவிடுகிறது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறதே. ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேளுங்கள். அவனாக இருந்து கேளுங்கள். பந்து எங்கே இருந்தது என்று கேளுங்கள், தம்பி.